நடந்தவள் காவிரி

தி. ஜானகிராமனும் சிட்டியும் இணைந்தெழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ தமிழ்ப் பயண இலக்கியத்தில் தனியிடம் பெற்ற நூல். அண்மையில் மீண்டும் படித்தபோது நம் சிந்தை தலைப்பிலேயே தங்கிற்று.

நடந்தவள் காவிரி, ஆசிரியர்கள் சென்றதோ காரில். அரபியில் ‘ஜரா’ என்னும் வினை மனிதன் ஓடுவதையும் நீர் பாய்வதையும் ஒருங்கே குறிக்கும். அங்கே ஆறு ஓடும். இத்தலைப்பைத் தந்த சிலப்பதிகாரக் கானல்வரியிலோ ஆறு நடக்கிறது. தஞ்சைச் சமவெளியில் அந்நதியின் நிதானத்தைக் கண்டோர்க்கு அச்சொல்லின் நுட்பம் விளங்கும்.

குடகு முதல் பூம்புகார் வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொடர்வதற்கு வாகனம் வேண்டும்தான். ஊர்ப் பேச்சையும் இசையையும் பற்றிக்கொள்ளும் ஜானகிராமனின் செவி, அவ்விரைவால் நேரும் இழப்பைப் பெரிதும் ஈடுசெய்கிறது. எனினும் முழுமையாக அன்று. ஏனெனில், கல்லணைக்குக் கீழே காவிரி ஒன்றன்று. அங்கே வெண்ணாறு பிரிகிறது. தென்பெரம்பூரில் அதனின்று வெட்டாறு பிரிகிறது. ஆற்றினின்று வாய்க்கால், வாய்க்காலினின்று மடை, மடையினின்று வயல். சாலை முடியுமிடத்தில் தொடங்கும் அவ்வுலகம், வரப்பில் கால் வைத்து மெல்ல நடப்பவனுக்கே திறக்கும்.

வெட்டாறு நாகூரருகே கடல் சேர்கிறது. அந்நீரை உண்டு வளர்ந்த குடும்பங்கள் நம்முள் எத்தனை! ‘ரிஹ்லா’ என்னும் அரபுச் சொல் பயணத்தையும் பயண நூலையும் சேர்த்தே சுட்டும். நம் இளைஞர்கள் அக்கரைவழியே நடக்கட்டும், நடந்ததை எழுதட்டும். ஜானகிராமனும் சிட்டியும் தொடங்கிய பணிக்கு அதுவே தகுந்த மரியாதையாகும்.