அசைவு சொல்லும் சேதி

இடுப்புவலி வந்தால் ஸ்கேன் எடுத்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறோம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான அலசல் அந்த நம்பிக்கையை அசைக்கிறது: இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. பெரும்பாலும் அது நரையைப் போல வயதின் அடையாளம்தான். படம் சொல்லாததை அசைவிடம் கேட்பதே பிசியோதெரபியின் அழகு. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில், பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சியின் சிகிச்சை அறையில், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் ஒரு நோயாளி குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த அந்த நிலையிலேயே அவருடைய கால்வலி போய்விட்டது. அதைத் தற்செயல் என்று தள்ளாமல் மெக்கன்சி ஒரு முறையாக வளர்த்தார்: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, வலி காலிலிருந்து இடுப்பை நோக்கி ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று கேட்பது. ஏறினால் நல்ல அறிகுறி. எவ்வளவு எளிய கேள்வி, எவ்வளவு கூர்மையான கருவி!

வலிக்கும்போது படுத்திருப்பதுதானே நல்லது என்பார்கள். 1995இல் வெளியான பின்லாந்து ஆய்வில், படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். மெக்கன்சி முறை மற்ற பயிற்சிகளைவிடப் பெரிதாக மேலானதல்ல என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் நோயாளியின் உடலையே சாட்சியாக அழைக்கும் அதன் பொறுமைக்கு ஈடில்லை. சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ மட்டும் பயிற்சிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.