மைல்ஸ் பேசாமல் குடித்த வைன்

‘சைட்வேஸ்’ (2004) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் அந்த மெர்லோ ஜோக்கைச் சொல்லிவிடுவார்கள். மைல்ஸுக்கு மெர்லோ திராட்சை என்றாலே ஆகாது. காபர்னே ஃபிராங்கையும் மட்டம் தட்டுவான். ஆனால் அவன் பொத்திப் பொத்தி வைத்திருப்பது 1961ஆம் வருட ஷெவால் பிளான். பிரான்ஸின் போர்தோவில், சேன்-எமிலியோனில் உருவாகும் அந்த வைன் பிரதானமாக இந்த இரண்டு திராட்சைகளின் கலவை. நல்ல ஜோக்தான். ஆனா அந்த பாட்டிலை வைத்து அலெக்சாண்டர் பெய்ன் செய்திருக்கும் பெரிய காரியம் வேறு.

இளம் சிவப்பு வைனில் துவர்ப்பு அதிகம். நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும். (ஆங்கிலத்தில் இதற்கு டானின் என்று வேதியியல் பெயரைச் சொல்வதுண்டு, நம் அறுசுவையிலேயே இதற்கு இடம் உண்டு.) 12, 13 டிகிரி குளிர்ச்சியில், வெளிச்சமும் அதிர்வும் படாத நிலவறையில், கார்க் காயாதபடி பாட்டிலைப் படுக்கப்போட்டு வைத்தால், வருடங்கள் போகப்போக அந்தத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கும். ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாகும். பழவாசனை அடங்கி புகையிலை, தோல், ஈரச்சருகு என்று வேறு வாசனைகள் எழும். அப்புறம் இறங்குமுகம். உச்சம் எப்போது என்று வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. திறந்தால்தான் தெரியும். திறந்துவிட்டால் பாட்டில் இல்லை.

மைல்ஸ் அதைப் பத்தாவது திருமண நாளுக்காக எடுத்துவைத்திருந்தான். திருமணம் முறிந்துவிட்டது, பாட்டில் மட்டும் மிச்சம். ‘அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம்’ என்று எங்கள் ஆபீஸில் தள்ளிவைக்கும் வேலைகள் ஞாபகம் வந்தன. அதுகளும் இப்படித்தான், ஒரு கட்டத்தில் யாருக்காக என்பதே மறந்துபோகும். 61கள் உச்சத்தைத் தாண்டிக்கூட இருக்கலாமே, எதற்குக் காத்திருக்கிறாய் என்று மாயா கேட்கிறாள். திறக்கிற நாளே விசேஷ நாள் என்கிறாள். பலரும் இதைத்தான் படத்தின் செய்தியாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அவள் சொன்ன மாதிரி ஒரு நல்ல நாளை உண்டாக்குவதற்காக அவன் அதைத் திறக்கவில்லை. எதிர்பார்க்க ஒரு நாளும் மிச்சமில்லாதபோது திறக்கிறான்.

இரண்டு இழப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் எழுதிய நாவலைப் பதிப்பகம் நிராகரித்த செய்தி வரும்போது, கூட்டம் நிறைந்த ஒரு வைனரியில், எல்லோரும் துப்பிய வைன் சேர்ந்த வாளியைத் தூக்கிக் குடிக்கிறான். அசிங்கம், ஆர்ப்பாட்டம், அத்தனை பேர் பார்க்கவேண்டும் என்கிற வேகம். முன்னாள் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகோ, கல்யாண விருந்துக்குப் போகாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய் ஷெவால் பிளானை எடுக்கிறான். பர்கர் கடை. வெங்காய வளையங்கள். டிஸ்போசபிள் கப். பாட்டில் யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது.

முறைப்படி பார்த்தால் எல்லாமே தப்பு. இவ்வளவு பழைய வைனை ஒரு நாள் முன்னாடியே நிமிர்த்திவைத்து, வண்டல் படிந்த பிறகு, கலங்காமல் மெதுவாக ஊற்றவேண்டும். மைல்ஸுக்கு இது தெரியாதா? படத்தின் ஆரம்பத்தில் நண்பன் ஜாக்குக்குக் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கவும் மூக்கை உள்ளே விடவும் வகுப்பெடுத்தவன். ஒரே மோப்பத்தில் ஸ்ட்ராபெரி, அஸ்பாரகஸ், ஈடம் சீஸ் வரை கண்டுபிடித்தவன். இங்கே ஒரு வார்த்தை இல்லை.

இதைத் தோல்வி, சுயபச்சாதாபம் என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அவன் மேல் பொறாமைதான் வந்தது. அதுவரை அவனுக்கும் வைனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு விளக்கவுரை நின்றுகொண்டிருந்தது. அந்த 43 வருட வைன் எப்படி இருந்தது என்று படம் நமக்குச் சொல்லவே இல்லை. வண்டல் கலங்கிக் கொஞ்சம் கசந்துகூட இருக்கலாம். பர்கரை ஒரு கடி கடித்துவிட்டு இன்னொரு மடக்கு குடிக்கிறான்.