எவ்வளவு தூரத்தில நிண்டு எடுத்த படம்? – கரடிப் படங்கள் பற்றி ஒரு வாசிப்பு

எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் ஒரு படம் வந்தது. கூடாரத்துக்குள் கரடி ஒன்று நுழைகிறது. 'யப்பானியப் படப்பிடிப்பாளர் மிச்சியோ ஹொஷினோ, சாவதற்குச் சில விநாடிகளுக்கு முன் எடுத்த கடைசிப் படம்' என்று கீழே எழுதியிருந்தது. 'அல்லாஹ் காப்பாத்தணும்' என்று நாலைந்து பேர் பதில் போட்டார்கள். நானும் அதை இரண்டு பேருக்கு அனுப்பினேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் தேடிப் பார்த்தேன். அது பொய்ப் படம். படங்களை வெட்டி ஒட்டும் போட்டி ஒன்றுக்காக யாரோ கணினியில் செய்தது. நடக்காததைச் சொன்னால் 'கரடி விடாதே' என்போமே, அதன் நேரடிப் பொருளிலேயே இது கரடி விட்ட படம். ஆனால் ஹொஷினோ என்ற மனிதர் மெய். அவர் கரடியால் இறந்ததும் மெய். அந்தப் பொய்ப் படத்தால்தான் அவருடைய மெய்ப் படங்களுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வகையில் அதை அனுப்பியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஹொஷினோ 1952இல் பிறந்தவர். மாணவராக இருந்தபோது, தோக்கியோவின் பழைய புத்தகக் கடையொன்றில் அலாஸ்கா பற்றிய நூல் ஒன்றை வாங்குகிறார். அதில் ஷிஷ்மாரெஃப் என்ற கடலோரக் கிராமம் ஒன்றின், ஆகாயத்திலிருந்து எடுத்த படம். அந்தப் படம் அவரை விடவில்லை. முன்பின் தெரியாத அந்தக் கிராமத்தின் தலைவருக்கு, 'உங்கள் ஊரில் வந்து தங்க விரும்புகிறேன்' என்று கடிதம் எழுதுகிறார். பல மாதம் கழித்து, வரலாம் என்று பதில் வருகிறது. 1973இல் போய் ஒரு குடும்பத்தோடு மூன்று மாதம் வாழ்ந்தார். 1978இல் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்த நிலத்தையே தன் நிலமாக்கிக்கொண்டார். 1985இல் 'கிரிஸ்லி' என்ற அவருடைய கரடிப் படநூல் வந்தது.

அவர் கரடியைத் தேடிப் போகுமுன் மனிதர்களுக்குக் கடிதம் எழுதியவர் என்பதை நான் முக்கியமாகக் கொள்கிறேன். அது படங்களில் தெரிகிறது. கிட்ட நின்று எடுத்த படங்களும் அவரிடம் உண்டுதான். ஆனால் அவரை அவராக்குவது வேறு வகைப் படம். பெரிய மலை, பெரிய வெளி, அதில் ஒரு மூலையில் சிறு புள்ளியாக ஒரு விலங்கு. முதல் பார்வையில் விலங்கு கண்ணில் படாது, தேட வேண்டும். கண்டதும், அது உயிரோடிருக்க இவ்வளவு நிலம் வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்குகிறது. காட்டைக் காப்பது பற்றி ஆயிரம் சொற்பொழிவு செய்யலாம். அந்தப் புள்ளி அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

1996 ஓகஸ்ட் 8ஆம் திகதி, ரஷ்யாவின் கம்சத்காவில் குரில் ஏரிக்கரையில் தொலைக்காட்சிக் குழுவொன்றோடு வேலை செய்துகொண்டிருந்தார். மற்றவர்கள் மரவீட்டில் படுக்க, இவர் கூடாரத்தில் படுத்தார். சல்மன் மீன் நிறைந்த காலத்தில் கரடி மனிதரைத் தேடி வராது என்பது அவருடைய கணக்கு. ஆனால் அந்தக் கரடி மனித உணவுக்கு ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்தது என்று சொல்லப்படுகிறது. இரவில் வந்து அவரைக் கொன்றது. பின்னர் அந்தக் கரடியும் கொல்லப்பட்டது. தன் படங்களில் கரடிக்கு அத்தனை இடம் விட்டவர், வேறு யாரோ குறைத்துவைத்த தூரத்துக்கு உயிரைக் கொடுத்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 'கிரிஸ்லி மேன்'. ஜேர்மன் இயக்குநர் வேர்னர் ஹெர்சோக் 2005இல் வெளியிட்ட ஆவணப்படம். அமெரிக்கரான திமொதி ட்ரெட்வெல் 13 கோடைகாலங்களை அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் கரடிகளோடு கழித்து, ஏறத்தாழ 100 மணித்தியாலக் காட்சிகளை எடுத்துவைத்தவர். பாடசாலைகளுக்குப் போய்ப் பணம் வாங்காமல் பிள்ளைகளுக்குக் கரடிகளைப் பற்றிச் சொன்னவர். அவருடைய அன்பில் நான் சந்தேகப்பட மாட்டேன். 2003 ஒக்டோபரில் அவரும் அவருடைய தோழியும் ஒரு கரடியால் கொல்லப்பட்டார்கள்.

அவர் எடுத்த காட்சிகளில் பெரும்பாலும் இரண்டு பேர் நிற்கிறார்கள்: முன்னால் அவர், பின்னால் கரடி. கரடிகளுக்குப் பெயர் வைக்கிறார், அவற்றோடு கதைக்கிறார், தொடவும் செய்கிறார். கரடிகளைக் காக்க வந்திருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அலாஸ்காவில் ஏறத்தாழ 30,000 பழுப்புக் கரடிகள் உண்டு. கட்மாய் அப்போதே காக்கப்பட்ட பூங்கா. அங்கே கரடிக்கும் மனிதனுக்கும் இடையில் விதித்திருக்கும் தூரம் இன்று 50 யார். காப்பு என்பதில் பெரும்பகுதி அந்த 50 யார்தான். அதைத்தான் அவர் இல்லாமலாக்கினார். உடல்களை எடுக்கப் போன நாளில் இரண்டு கரடிகள் சுடப்பட்டன. காக்கப் போனவரின் பெயரில் இரண்டு கரடிகள்.

ஹெர்சோக்கின் படத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது அவருடைய தத்துவக் குரல் அல்ல. சொல்லப்போனால் அது சில இடங்களில் கூடிப்போகிறது. கோடியாக் தீவின் அலூட்டிக் அரும்பொருளகத்தைச் சேர்ந்த ஒருவர் சில நிமிடம் பேசுகிறார். தலைமுறை தலைமுறையாகக் கரடியோடு வாழ்ந்த மக்களின் பிள்ளை அவர். எங்கள் ஆட்கள் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டுவது கரடியை மதிக்காத செயல் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தப் படத்தில் காட்டோடு வாழ்கிறவன் வாயைத் திறக்கிற இடம் அது ஒன்றுதான். ஹெர்சோக் அவரை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாம் என்பது என் குறை.

இதையெல்லாம் நான் அலாஸ்காவுக்காக எழுதவில்லை. எங்கள் சாச்சாவுக்காக எழுதுகிறேன்.

வறண்ட வலயத்தில் காட்டோரமான முஸ்லிம் கிராமம் எங்களுடையது. 1990களில் ஒரு கோடையில் சாச்சா தேனெடுக்கப் போனார். பற்றைக்கு அந்தப் பக்கம் கரடி நின்றது அவருக்குத் தெரியாது. அவர் வந்ததும் அதற்குத் தெரியாது. எங்கள் கரடி புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சும்போது வேறெதையும் கேட்காது. திடுக்கிட்டால் ஓடுவதைவிட எழுந்து நின்று அடிக்கத்தான் பார்க்கும். அதன் அடி தலையிலும் முகத்திலும்தான் விழும். சாச்சாவுக்கு ஒரு கண்ணும் பாதிக் கன்னமும் போயிற்று.

அது யுத்த காலம். காவலரணில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டினால், அட்டையில் இருக்கிற முகம் வேறு, முன்னால் நிற்கிற முகம் வேறு. ஆமிக்காரன் மாறி மாறிப் பார்ப்பான். சாச்சா சிங்களத்தில் ஒரு சொல்தான் சொல்வார்: 'வலஹா.' கரடி. காட்டோரக் கிராமத்துப் பொடியனாக இருந்தால் அந்த ஒரு சொல்லில் விளங்கிக்கொண்டு விட்டுவிடுவான். இல்லாவிட்டால் நேரம் போகும். அதன்பிறகு சாச்சா யாருக்கும் படமெடுக்க நின்றதில்லை. எங்கள் வீட்டுக் கல்யாண அல்பங்களில் அவருடைய சால்வை நுனிகூட இல்லை.

ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும். யாலவிலும் வில்பத்துவிலும் கரடியைக் காண்பதற்கு அதுதான் காலம். பழத்துக்காக மரமேறும், கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்னும். குட்டிகளை முதுகில் சுமந்து நடக்கிற தாயும் வரும். உலகில் வேறெந்தக் கரடியும் இப்படி வழக்கமாகப் பிள்ளை சுமப்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் இந்தப் படங்கள் வருகின்றன. அழகான படங்கள். மயிரிழை தெரியும், நீண்ட நகம் தெரியும், மூக்கு நுனியின் புழுதி தெரியும். ஒரு கண்காட்சியில் அப்படியான ஒரு படத்தை என் போனில் எடுத்துவந்து சாச்சாவிடம் காட்டினேன். காட்டலாமா கூடாதா என்று யோசித்துத்தான் காட்டினேன். இருந்த கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"வடிவான சாமான்தான். மவன், இது எவ்வளவு தூரத்தில நிண்டு எடுத்த?"

என்னால் சொல்ல முடியவில்லை. படத்தின் கீழே கமெராவின் பெயர் இருந்தது, வில்லையின் அளவு இருந்தது. தூரம் இல்லை. அந்தக் கரடியைச் சுற்றி எத்தனை ஜீப் நின்றது என்பதும் இல்லை. பூங்கா எல்லைக்கு வெளியே, ஜீப் இல்லாமல் அதே கரடியைச் சந்திக்கிறவன் யார் என்பதும் இல்லை.

தமிழ் இலக்கியக்காரன் என்ற முறையில் இன்னொரு கரடிப் படத்தைச் சொல்ல வேண்டும். சங்கப் பாடல்களில் கரடிக்கு எண்கு என்று பெயர். அகநானூற்றின் 72ஆம் பாட்டில், மழை இரவில் மின்மினி மொய்த்த புற்றை ஓர் ஆண் எண்கு உடைக்கிறது. மின்மினிகள் பொறியாகச் சிதற, இரும்படிக்கும் கொல்லனைப் போல அது தெரிகிறது. கறுத்த உடம்பு, பறக்கும் பொறி, குனிந்து செய்யும் வேலை. கமெரா இல்லாத காலத்தில் இப்படி ஒரு படம். ஆனால் பாட்டு அந்த அழகோடு நிற்கவில்லை. அந்த வழியால்தான் ஒருவன் வேல் மட்டும் துணையாக நடந்து வருகிறான். அவனுக்காக ஒருத்தி நடுங்கிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் தோழியிடம் அவள் சொல்வதன் பொருள் இது: வந்தவனும் கொடியவனல்லன், அவனை வரச்செய்த உன்மீதும் பிழையில்லை, பிழை என்னுடையது. கரடி இருக்கிறது, கரடியின் பாதையில் நடக்கிற மனிதன் இருக்கிறான், அந்தப் பொறுப்பை ஏற்கிற ஒரு குரலும் இருக்கிறது. நமது கண்காட்சிப் படங்களில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

மனிதனையும் சேர்த்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு வட இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. எங்கள் கரடியின் இனமேதான் அங்கே தெருக்களில் மூக்கில் கயிறு போட்டு ஆட்டப்பட்டது. ஆட்டியவர்கள் கலந்தர் என்ற முஸ்லிம் சமூகத்தார். சூஃபி நாடோடிகளின் பெயரைச் சுமந்தவர்கள், பரம ஏழைகள். குட்டிகள் காட்டிலிருந்து களவாடப்பட்டன, பெரும்பாலும் தாயைக் கொன்றுவிட்டு. 1972இன் சட்டம் இதைத் தடுத்தும் முப்பது வருடம் தொடர்ந்தது. 2002 தொடக்கம் 'வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.' அமைப்பு கரடிகளை மீட்டு ஆக்ராவில் பராமரித்தது. கூடவே அந்தக் குடும்பங்களுக்கு வேறு தொழிலுக்கு முதலும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கொடுத்தது. 2009இல் கடைசி ஆட்டக் கரடியும் வந்து சேர்ந்தது. 600க்கும் மேற்பட்டவை மீண்டன. கயிற்றின் ஒரு நுனியில் கரடியும் மறு நுனியில் பட்டினியும் இருப்பதைச் சேர்த்துப் பார்த்தவர்களால்தான் அது முடிந்தது. கயிறு பிடித்தவனை 'கொடியவன்' என்று மட்டும் படம் பிடித்திருந்தால் முடிந்திருக்காது.

இலங்கையில் கரடிகள் ஆயிரத்துக்கும் குறைவு என்றே மதிப்பிடப்படுகிறது. அவற்றைப் படமெடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்காவிட்டால் கறுத்த, அழுக்கான, பயங்கரமான ஒரு மிருகமாகவே அது பிள்ளைகளின் மனதில் இருக்கும். நான் கேட்பது விமர்சகனாகச் சிறு விடயங்கள்தான். படத்தின் கீழே தூரத்தை எழுதுங்கள். பத்துப் படம் வைத்தால் ஒன்றிலாவது கரடி புள்ளியாக இருக்கட்டும், காடு பெரிதாக இருக்கட்டும். படம் விற்ற காசில் ஒரு பங்கு, கரடியோடு தண்ணீரையும் தேனையும் பங்குபோடுகிற கிராமத்துக்குப் போகட்டும்.

நம்மவர்களுக்கும் ஒன்று. காட்டோரத்து முஸ்லிம் வாழ்வைப் பற்றி நாம் எழுதிய கதைகள், நான் வாசித்தவரை, வயலையும் குளத்தையும் பள்ளியையும் சொல்கின்றன. காட்டைச் சொல்வதில்லை. நம் படத்தில் மனிதன் இருக்கிறான், கரடி இல்லை. அதுவும் அரைப் படம்தான்.

சாச்சா கரடியைத் திட்டி நான் கேட்டதில்லை. அன்று போனைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்:

"அது தின்னுற எடத்துக்கு நாந்தானே மவன் போன."

அகநானூற்றை வாசித்தறியாத மனிதர் அவர்.