குரவையும் கும்மியும்: தொடக்க வகுப்பு மின்பாடங்களில் வட்டார ஆடல்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. குறியீட்டைக் கைப்பேசியால் வருடினால் பாடத்திற்குரிய காணொளி திரையில் விரியும். தொடக்க வகுப்புகளுக்கான இத்தகைய மின்பாடங்களில் கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் ஆகிய வட்டார ஆடல்களைச் சேர்ப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும், சேர்க்கும் முறையில் ஆடலின் இயல்பு எஞ்சுகிறதா என்பது ஆராயத்தக்கது.

கும்மிக்கு இசைக்கருவி வேண்டுவதில்லை, கைகளே தாளம். ஒருவர் பாட, மற்றவர் வாங்கிப் பாடி, குனிந்தும் நிமிர்ந்தும் கொட்டி வட்டமாகச் சுற்றுவர். முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மி கொட்டும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தே அடி வைக்கின்றனர். படக்கருவி எதிரே வந்து நின்றதும் வட்டம் வரிசையாகிவிடுகிறது. எதிர்முகமாக ஆடுபவரின் வலக்கால் குழந்தைக்கு இடப்பக்கம் தெரிகிறது. இடம் வலம் பழக்க வந்த ஆடலே அவற்றைக் குழப்புகிறது. பின்புறமிருந்து படம்பிடித்தால் இக்குழப்பம் தீரும், வட்டம் மீளாது. ஒயிலாட்டம் வரிசையில் நின்று ஆடப்படுவதாதலின் திரைக்கு ஓரளவு இணங்கும்.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை இங்கு நினைக்கத்தக்கது. மாதரி ஆயர் மகளிர் எழுவருக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டு நிறுத்துகிறாள். செவிக்கே புலனாகும் ஏழிசை, கைகோத்து நிற்கும் எழுவராகக் கண்ணுக்கும் புலனாகிறது. தீநிமித்தம் கண்ட அச்சத்தில் ஆடிய குரவையைக் கற்பித்தல் முறையாகக் கொள்ளலாமா என வினவலாம். நோக்கம் வேறே, ஆயினும் பெயரை உடலில் ஏற்றி, உறவை நிற்கும் இடத்தால் உணர்த்தும் உத்தி வகுப்பறைக்கும் உரியது. ஏழு குழந்தைகளுக்குக் கிழமைப் பெயரிட்டுக் கும்மி கொட்டச் செய்தால், சனியை அடுத்து மீண்டும் ஞாயிறு வருவதை வட்டமே காட்டிவிடும். பட்டியல் அதைக் காட்டாது.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டில் தனித்திருந்த குழந்தைக்குத் திரையே வகுப்பறையாயிற்று. அந்நிலைக்கு அது பொருந்தும். பள்ளி முற்றத்திற்குப் பொருந்தாது. முற்றத்தில் மின்பாடம் செய்யவேண்டியது சிறிதே: கொட்டுக்கு இடைவெளி விட்ட பாட்டு, வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி, அடவை ஒருமுறை காட்டும் சிறு காட்சி. பிறகு திரை அணைந்து, ஒலி மட்டும் தொடரலாம். பாட்டும் ஊருக்கு ஊர் வேறுபடுமாதலின், அவ்வூர்ப் பெண்கள் பாடியதையே பதிவு செய்து, பாடியவர் பெயரையும் அடவு பழக்கிய வாத்தியார் பெயரையும் ஒலிப்பதிவாளர் பெயருக்கு முன்னே குறிப்பது முறையாகும்.