சவுக்க காலத்தில் ஒரு தோட்டா

துரித காலத்தில் பாடும்போது சின்னச் சின்னப் பிசிறெல்லாம் ஓட்டத்தில் மறைந்துவிடும். சவுக்க காலத்தில் பாடச் சொன்னால்தான் குரலின் பதம் வெளியே தெரியும். இதைத் துப்பாக்கித் தோட்டாவுக்குச் சொன்னால் சங்கீத ரசிகர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்க மான் வேட்டைக்காரர்களில் சிலர் வெடிமருந்தைக் குறைத்து, தங்கள் கையாலேயே தோட்டா நிரப்பும் பக்குவத்தைக் கவனிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒப்புமைதான் வந்து நிற்கிறது.

அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வின்செஸ்டர் 94. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து 1894இல் வந்த ரைபிள். விரல்களைக் கோத்துப் பிடித்திருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் காலிக்கூடு வெளியே துள்ளும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். மறு வருடமே இதற்கு வந்த தோட்டாதான் தேர்ட்டி-தேர்ட்டி. முதல் முப்பது, குழலின் குறுக்களவு: அங்குலத்தை நூறாக்கினால் முப்பது பங்கு. இரண்டாவது முப்பது, அப்போது அதில் போட்ட புகையில்லா மருந்தின் எடை, கிரெயின் கணக்கில். கடையில் வாங்கும் தோட்டா 170 கிரெயின் குண்டை, அதாவது 11 கிராமை, வினாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் அனுப்பும்.

இந்த வேகம் எல்லா நேரமும் வேண்டியதில்லை. முதன்முதலாகத் துப்பாக்கி தூக்கும் பிள்ளைக்கு உதை குறைய வேண்டும். முயலடித்தால் சமைக்க இறைச்சி மிஞ்ச வேண்டும். சனிக்கிழமை முழுக்கத் தாள் இலக்கில் சுட்டாலும் தோள் கன்றக் கூடாது. அதனால் வேகத்தை 1,200, 1,500 அடி என்று இறக்குகிறார்கள். மருந்தின் வகையையும் அளவையும் அச்சிட்ட கையேட்டிலிருந்து அப்படியே எடுக்க வேண்டும். அங்கே ரசனைக்கு இடமே கிடையாது. குண்டைத் தேர்வதில்தான் அது தொடங்குகிறது.

முதலில் மூக்கைப் பார்ப்பார்கள். இந்த ரைபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் மேகசின் எனப்படும் இன்னொரு குழாயில், ரயில் பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு, முன்னால் இருப்பதன் அடியில் உள்ள பிரைமரை, அதாவது தட்டினால் பற்றிக்கொள்ளும் மூடியை, தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் உதையின் அதிர்ச்சியில் அது ஊசியாகக் குத்தி, தோட்டா குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். எனவே தட்டை மூக்கு, அல்லது நன்றாக மழுங்கிய உருண்டை மூக்கு. சுழல் மேகசின் வைத்த சாவேஜ் 99 ரைபிளுக்கும், பெட்டி மேகசின் வைத்த வின்செஸ்டர் 1895 ரைபிளுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. குழாய் மேகசினுக்கென்றே ஹார்னடி கம்பெனி மென்மையான பாலிமர் நுனி வைத்த கூர்க்குண்டைக் கொண்டுவந்தது. அது தூரத்துக்கு ஆனது. மெல்லப் போகிற குண்டுக்குக் காற்றைக் கிழிக்கும் மூக்கு எதற்கு?

அடுத்தது உடம்பு. வேட்டைக் குண்டு பட்ட இடத்தில் காளான்போல் விரிய வேண்டும். தேர்ட்டி-ஓ-சிக்ஸ் போன்ற வலுவான ரைபிளுக்கான குண்டும் இதே விட்டம்தான்; இதிலும் பொருந்தும். ஆனால் அதன் செம்பு உறை பெரிய வேகத்தைத் தாங்கி நிற்கும்படி தடிமனாகச் செய்யப்பட்டது. வேகத்தைப் பாதியாக்கினால் அது விரியவே விரியாது, பென்சில் நுழைந்ததுபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். தேர்ட்டி-தேர்ட்டிக்கென்றே மெல்லிய உறையும் வெளியே தெரியும் ஈய மூக்குமாகச் செய்த குண்டு இதைவிட மேல். அதற்கும் வேகத்தில் ஓர் அடிமட்டம் உண்டு. எம்1 கார்பைன் என்ற துப்பாக்கிக்காகப் பிறந்த 110 கிரெயின் உருண்டை மூக்குக் குண்டையும் சிலர் விரும்புகிறார்கள். உதை சொற்பம். ஆனால் ஆள் குட்டை. தோட்டாவின் மொத்த நீளம் குறைந்துபோனால், அதைத் தூக்கிக் கொடுக்கும் உள்பாகம் தடுமாறி லீவர் பாதியில் சிக்கும்.

இன்னொரு பயமும் உண்டு. மருந்து மிகவும் குறைந்தால் செம்பு உறைக் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். சத்தம் வழக்கத்தைவிட அமுங்கிக் கேட்டால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் பார்க்க வேண்டும்.

ஆகவே இந்தக் கலையில் ஊறியவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம், வார்த்த ஈயக் குண்டு. செம்பைவிட ஈயம் குழலில் வழுக்கிக்கொண்டு போகும். அதிலும் கலவைதான் பதம். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டுக்கு அடிப்படை காரீயம். காரீயம் தனியாக இருந்தால் மிக மெது. கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுமார் 5. அதில் வெள்ளீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ஆன்டிமணி சேர்த்தால் இறுகும். லைமன் நம்பர் 2 என்ற பெயர்பெற்ற கலவையில் 90 பங்கு காரீயம், மற்ற இரண்டும் ஐந்தைந்து. கடினம் 15 வரை ஏறும். தாளுக்கு அது சரி. வேட்டைக்கு இன்னும் கொஞ்சம் மென்மையாக வைப்பவர்கள் உண்டு. மெல்லப் போனாலும் விரிய வேண்டுமே.

அச்சுகளில் லைமன் கம்பெனியின் 311041 பழைய கைகளுக்கு மனப்பாடம். சுமார் 173 கிரெயின், தட்டை மூக்கு. அடியில் சின்னச் செம்புக் கிண்ணம் ஒன்றை மாட்டலாம். சூடான வாயு ஈயத்தின் அடியை அரிக்காமல் அது காக்கும். இடுப்பில் தேன்மெழுகு கலந்த மசகு அப்புவதற்குப் பள்ளங்கள். அதற்கு மேலே இன்னொரு பள்ளம்: பித்தளைக் கூட்டின் வாயை அதில் மடித்து இறுக்கினால், குழாயின் ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தினாலும் குண்டு உள்ளே இறங்காது. விட்டமும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். செம்புக் குண்டுக்கு 0.308 என்றால் ஈயத்துக்கு 0.309 அல்லது 0.310. தொளதொளவென்று இருந்தால் பக்கவாட்டில் வாயு பீறிட்டு, குழலெல்லாம் ஈயம் அப்பிக்கொள்ளும்.

ஈயத்தின் மேல் ஒரு வழக்கும் இருக்கிறது. வேட்டையாடிய மிருகங்களின் ஈயத்துணுக்கு கலந்த மிச்சத்தைத் தின்று காண்டர் கழுகுகள் செத்துப்போவதால், 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. நியாயமான தடை. மாற்றாக வரும் முழுச் செம்புக் குண்டு விரிவதற்கு வேகம் கேட்கும். சவுக்க காலம் அதற்கு ஒத்துவராது. அங்கே வேட்டைக்கு முழு மருந்தும் செம்பும், ஈயத்துக்குத் தாள் இலக்கு மட்டும்.

தாளில்தான் தட்டை மூக்கின் அழகும் தெரியும். கூர்மூக்கு தாளைக் கிழித்துவிட்டுப் போகும். தட்டை மூக்கோ ஓரம் சுத்தமாக வட்டத்தை வெட்டி எடுக்கும். ஆன்டிமணிக்காகப் பல வருடங்கள் இவர்கள் தேடி அலைந்தது, மூடிப்போன அச்சகங்களின் லைனோடைப் உலோகத்தை. அதிலும் இதே மூன்றும்தான்: காரீயம், வெள்ளீயம், ஆன்டிமணி. ஒரு காலத்தில் நாளிதழில் வரிவரியாய் எழுத்துப் பதித்த உலோகம், உருகி, வேறு உருவெடுத்து, மறுபடியும் காகிதத்துக்கே வந்து ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறது.