ஒளிரும் அட்டையும் பதினேழு சென்டிமீட்டர் கம்பியும்

ஃபிளிப்பர் ஜீரோ வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கூட என்னென்ன வச்சிருக்கீங்க?" என்பதுதான். கருவி எல்லோரிடமும் ஒன்றேதான். பத்து சென்டிமீட்டர் நீளம், 102 கிராம் எடை, ஆரஞ்சு வெளிச்சத்தில் ஒரு சின்னத் திரை. 2020-இல் கிக்ஸ்டார்ட்டரில் ஆயிரக்கணக்கானோர் கொடுத்த முன்பணத்தில் பிறந்தது. கதவு அட்டை, கேட் ரிமோட், டிவி ரிமோட் என்று கம்பியில்லாமல் பேசும் பலவற்றையும் கேட்கும், பலவற்றைத் திருப்பிச் சொல்லும். வைத்திருப்பவரின் ரசனை தெரிவது அதன் துணைப்பொருள்களில்.

பாபநாசம், கும்பகோணம் வட்டாரத்து அரிசி ஆலைகளிலும் லாட்ஜுகளிலும் வருகைப்பதிவு இயந்திரமும் அட்டைப் பூட்டும் பொருத்துவதும், அவை எவ்வளவு தாங்கும் என்று உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு சோதிப்பதும் என் தொழில். அந்தக் காகிதம் இல்லாமல் கருவியைப் பையிலிருந்து எடுப்பதில்லை. அடுத்தவர் கதவில் அனுமதியின்றிக் கை வைத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

என் பையில் எனக்கு மிகப் பிடித்தது, பேட்டரியே இல்லாத ஓர் அட்டை. உள்ளே இரண்டு செம்புச் சுருள்கள், ஆளுக்கொரு குட்டி விளக்கு. சுவரில் இருக்கும் ரீடருக்கு அருகே கொண்டுபோனால், ரீடர் வீசும் அலையையே உண்டு விளக்கு எரியும். ஒரு விளக்கு எரிந்தால் 125 கிலோஹெர்ட்ஸ், மற்றது எரிந்தால் 13.56 மெகாஹெர்ட்ஸ். கருவியிலேயே இதற்கு ஒரு செயலி உண்டு. ஆனாலும் அட்டையை நீட்டியதும் கண்ணெதிரே விளக்கு எரிவதில் இருக்கும் தெளிவு அதில் இல்லை. தம்புராவில் ஜீவாளி நூல் இல்லாவிட்டாலும் தந்தி ஒலிக்கும், நாதம் மட்டும் விரியாது. இந்த அட்டை இந்தக் கருவிக்கு ஜீவாளி.

அட்டைகளைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் பெரிய சுகம். வெள்ளை பிளாஸ்டிக் அட்டைகள் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் உள்ளே நிழல் தெரியும். வட்டமாக, அடர்த்தியாகச் சுற்றிய சுருள் என்றால் 125 கிலோஹெர்ட்ஸ். ஓரத்தை ஒட்டிச் செவ்வகமாக நாலைந்து சுற்று ஓடினால் 13.56. அலைவெண் குறையக் குறையச் சுற்றுகள் அதிகம் வேண்டும் என்ற விதி அந்த நிழலிலேயே வரைந்திருக்கிறது.

125-இல் சோதனைக்கு ஏற்றது டி5577 சில்லு கொண்ட அட்டை. இதில் எந்த எண்ணையும் எழுதலாம், அழிக்கலாம். நம் பக்கத்துப் பஞ்சிங் அட்டைகளில் நிறையக் கிடைக்கும் இஎம்4100, ரீடர் முன் வந்ததும் தன் 40 பிட் எண்ணை உரக்கச் சொல்லிவிடும். அதனிடம் ரகசியம் என்று எதுவுமே கிடையாது. அந்த எண்ணை டி5577-இல் எழுதினால் கதவுக்கு வித்தியாசம் தெரியாது. சாவிக்கொத்து வடிவிலும் இது வருகிறது. அதில் சுருள் சிறியது, ரீடரை ஒட்டிப் பிடித்தால்தான் பேசும். நான் முழு அளவு அட்டையையே வாங்குவேன். மலிவான நகலெடுப்பான்களில் ஒருமுறை எழுதிய அட்டையை யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். அவற்றில் சில, சொல்லாமலே கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடும்.

கேட் ரிமோட்டுகளுக்கு ஆன்டெனா. சிசி1101 சில்லு கொண்ட வெளித் தொகுதியைக் கருவியின் தலைப்பக்கத் துளைகளில் செருகி, அதில் கம்பியைத் திருகுவார்கள். நீளமான ஆன்டெனா என்றால் நல்லது என்று நினைத்து வாங்குகிறார்கள். நீளத்தைச் சொல்ல வேண்டியது அலை. 433.92 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 69 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு 17.3. 315-க்கு ஏறக்குறைய 24. 866-க்கு எட்டே முக்கால்கூட இல்லை. ஸ்கேலை வைத்துச் சரிபார்க்கக்கூடிய அழகு இது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்தச் சில்லு தாங்குவது 3.6 வோல்ட் வரைதான். 5 வோல்ட் துளையில் செருகினால் அத்தோடு போச்சு.

உறை விஷயத்தில் டெல்டாவுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து ஆலைகள் ஓடும்போது தவிட்டுத் தூசி மெமரி கார்டு வாயிலும் சார்ஜர் வாயிலும் அடையும். அடைமழைக் காலத்தில் ஈரம் செம்பைத் தின்னும். ஆகவே சிலிகான் உறை, வாய்களுக்கு ரப்பர் மூடி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். மின்னும் அலுமினிய உறைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். கருவியின் முதுகில்தான் அட்டை படிக்கும் சுருள் இருக்கிறது. பக்கத்தில் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து சுருளின் சுருதியையே கலைத்துவிடும்.

வைஃபை பலகையைப் பலரும் முதலில் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி.

வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியைக் கடந்து போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இதை வச்சு ஃபாஸ்டேக்கைப் படிக்கலாமா?" என்று கேட்பார். முடியாது. ஃபாஸ்டேக் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும் பேட்டரியில்லாத வில்லை. சாவடியின் ரீடர் வீசும் பலமான அலைதான் அதற்கு உயிர். கருவியின் சில்லு அந்த அலைவெண்ணில் இயங்கும் என்றாலும், வில்லைக்கு அப்படி உயிரூட்டிப் பேச வைப்பது அதன் வேலை இல்லை. அதற்கென்றே தனி ரீடர் தொகுதி வேண்டும். கிடங்கில் மூட்டைகளுக்கு இத்தகைய வில்லை ஒட்டிக் கணக்கு வைப்பவருக்கு அது நியாயமான செலவு, மற்றவர்களுக்கு வீண்.

இவ்வளவு பொறுக்கி வாங்குவது ஒரு காரியத்துக்காக. ஆலை முதலாளி தன் அலுவலகக் கதவு வெள்ளை அட்டைக்குத் திறப்பதைத் தானே நின்று பார்த்தால், மறுபேச்சில்லாமல் ரீடரை மாற்றுவார். 13.56-இலும் பழைய மிஃபேர் கிளாசிக் வேண்டாம், அதன் பூட்டு 2008-இலேயே நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் உடைந்துவிட்டது என்று சொல்லி, ஏஇஎஸ் மறையாக்கம் உள்ள டெஸ்ஃபயர் அட்டையை எழுதிக் கொடுப்பேன். அட்டை ஒன்றுக்குக் கூடுதல் விலை ஆகும். அந்தக் கூடுதலைக் கேட்க எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.