இரண்டு முடிச்சுகள்

சிறுவர்களுக்காக எழுதப்படும் கடற்பயண நூல்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஆசிரியத் தொழில் ஒரு காரணம். மன்னார்த் தீவில் பிறந்தது மற்றொரு காரணம். இந்நூல்கள் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. கடலோடிகளின் பெயர்கள் அவற்றில் தாராளமாக இருக்கின்றன. நடுக்கடலில் அவர்கள் எப்படி வழி கண்டார்கள் என்பதுதான் இல்லை.

முதலில் பாடநூல் மரபைப் பார்ப்போம். 1505இல் லொரென்சோ டி அல்மேதாவின் கப்பல்கள் காற்றில் அகப்பட்டு இலங்கைக் கரையை அடைந்த கதையை அறியாத பிள்ளை இந்நாட்டில் இருக்க முடியாது. அவர் எதற்காகக் கடலுக்கு வந்தார் என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். மாலைதீவுப் பக்கமாகச் சென்ற முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களை மறிப்பதற்காக அவருடைய தந்தை அவரை அனுப்பியிருந்தார். வழிதவறி வந்தவர் பாடத்தில் இடம்பிடித்துக்கொண்டார். வழி தெரிந்து போய்க்கொண்டிருந்தவர்களோ பாடத்தில் இல்லை. மன்னார்ப் பாலத்தைத் தாண்டினால் மாந்தை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வாய்வில் சீன, மேற்காசிய மட்பாண்டங்கள் அங்கே கிடைத்தன. போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பொருட்கள் அவை. அந்த வழியால் பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் 1505ஐத்தான் மனனம் செய்கிறது.

இதற்கு மறுப்பாக நம்மவர்கள் எழுதுபவை வேறொரு தவறைச் செய்கின்றன. 1498இல் வாஸ்கோ ட காமாவை மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு அழைத்துச் சென்றவர் அறபுக் கடலறிஞர் இப்னு மாஜித் என்று பெருமிதத்தோடு எழுதுகிறோம். நானும் மேடைகளில் அப்படிப் பேசியவன்தான். ஆய்வாளர்கள் இன்று இதனை ஏற்பதில்லை. போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பரோஸ் அந்த வழிகாட்டியைக் குஜராத்தி முஸ்லிம் என்கிறார். 'மாலெமோ கானா' என்று குறிப்பிடுகிறார். அதுகூடப் பெயரல்ல, தொழிற்பட்டம். உண்மை ஒருபுறமிருக்க, வாஸ்கோவுக்கு வழிகாட்டியதால்தான் நம்மவர் பெரியவர் என்றால் அந்த அளவுகோல் யாருடையது? 1490 அளவில் இப்னு மாஜித் எழுதிய கடல்நூலே அவருடைய பெருமைக்குப் போதும்.

பெருமையை எழுதுகிற நாம் கருவியை எழுதுவதில்லை. அறபு மாலுமிகள் 'கமால்' என்றதை சோழமண்டலக் கரையோர் 'இராப்பலகை' என்றனர். ஒரு சிறு பலகை, அதன் நடுவில் ஒரு நூல், நூலில் முடிச்சுகள்: அவ்வளவுதான். முடிச்சைப் பல்லில் கடித்து, நூலை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்தில் வைக்க வேண்டும். மேல்விளிம்பில் துருவ நட்சத்திரம் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்கோட்டுக்கு வந்துவிட்டோம். அதன்பின் கிழக்கே அல்லது மேற்கே ஓடினால் போதும். தெற்கே போகப்போக நட்சத்திரம் தாழும்; முடிச்சு பலகையிலிருந்து விலகும்.

சென்ற பெப்ரவரியில் சில சிறுவர்களோடு இதைச் செய்து பார்த்தேன். 7 சென்ரிமீற்றர் உயரமான மட்டையும் தையல் நூலுமே செலவு. மன்னாரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். பனிமூட்டமில்லாத இரவாகப் பார்த்துத் தீவின் வடகரைக்குப் போனோம். மட்டையிலிருந்து ஏறத்தாழ 44 சென்ரிமீற்றரில் மன்னாருக்கான முடிச்சு விழுந்தது. வரலாற்றுப் பாடத்தில் தூங்குகிற பையன்தான் நூலை விடமாட்டேன் என்று நின்றான்.

புத்தளத்தில் பிறந்து, அண்மையில் குடும்பத்தோடு மன்னாருக்கு வந்த ஒரு சிறுமி கேட்டாள்: "சேர், எங்கட கற்பிட்டிக்கு எவடத்தில முடிச்சுப் போடுற?"

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அந்தப் பயணத்தை நான் எழுதியிருக்கிறேன், பேசியிருக்கிறேன். அளந்து பார்த்ததில்லை. கணக்குப் போட்டேன். ஏறத்தாழ 48 சென்ரிமீற்றர். இரண்டு முடிச்சுகளுக்கும் இடையே 4 சென்ரிமீற்றர்தான். அவளுடைய வாப்பா 'எங்கட' என்று சொல்வது மன்னாரை. அவள் சொன்னது கற்பிட்டியை. அவளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரே நூலில் இரண்டையும் முடிந்து அவள் கையில் கொடுத்தேன்.

நமது சிறுவர் நூல்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். யார் முதலில் வந்தார், யார் யாருக்கு வழிகாட்டினார் என்ற வழக்கில் பிள்ளையைச் சாட்சியாக நிறுத்துவது கல்வி ஆகாது. தான் நிற்கும் இடத்தைத் தானே அளந்தறியும் பிள்ளை, பாடநூல் சொல்வதையும் நாம் சொல்வதையும் ஒருநாள் சரிபார்த்துக்கொள்ளும். 'மாலுமி' என்ற நமது சொல் 'முஅல்லிம்' என்ற அறபுச் சொல்லின் வழிவந்தது. பரோஸ் எழுதிய 'மாலெமோ'வும் அதுவே. ஓதிக்கொடுப்பவரும் கப்பலுக்கு வழிகாட்டுபவரும் அன்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டார்கள்.

அடுத்த கடற்பயண நூலை எழுதவிருப்பவர் அதன் பின்னட்டையில் ஒரு மட்டையையும் ஒரு முழ நூலையும் இணைத்துவிடட்டும். முடிச்சுகளைப் போடாமல் விட்டுவிட வேண்டும். எந்தெந்த ஊருக்கு முடிச்சு வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.